வளவுக்குள் வந்த பெட்டை நாய்: வன்னியின் கட்டாக்காலி நாய்ப் பிரச்சினையை எங்கே தொடங்குவது?

கண்டி வீதியில் வவுனியாவிலிருந்து ஓமந்தையைத் தாண்டி வடக்கே போகிறவர்களுக்குப் புளியங்குளம் ஒரு சந்தி. கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு; நேரே போனால் கனகராயன்குளம், மாங்குளம், கிளிநொச்சி. இரவு முழுக்க லொறியும் பஸ்ஸும் பறக்கிற வீதி, ஊரை ஒட்டிய தண்டவாளம், அவற்றுக்கு அப்பால் குளமும் வயலும் காடும். வடக்கின் மற்றச் சந்திகளைப் போல இதுவும் வேண்டாத நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து விடத் தோதான இடம். சாப்பாட்டுக் கடைக் கழிவு கிடைக்கும், யாராவது இரங்குவார்கள், விட்டவர் யாரென்று கேட்க ஆளிருக்காது. நம் ஊர்களில் அப்படி விடப்படுபவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். கடுவன் குட்டியை அயலில் யாராவது கேட்டு வாங்கிவிடுவார்கள். பெட்டையை வாங்க ஆள் வராது. தப்பிப் பிழைத்த பெட்டை ஒன்று சில மாதங்களில் ஏதோவொரு வீட்டுப் படலையடியில் வந்து படுக்கும். அந்த வீட்டார் அதற்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டால், அதன் பிறகு நடப்பது அவர்களுடைய வீட்டு விஷயமா, ஊர் விஷயமா என்பதுதான் இங்கே ஆராயப்படும் கேள்வி.

கருத்தடை செய்யாத பெட்டை நாயொன்றை வளவுக்குள் எடுப்பதை இரக்கம் என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறோம். எடுத்தவருக்கு நல்ல மனம் என்போம். அயலவர் முகம் சுளித்தால் அவருக்கு மனமில்லை என்போம். இலங்கையிலும் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் நாய்க் கட்டுப்பாட்டு முயற்சிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் விஷயம் வேறுவிதமாகத் தெரிகிறது. கட்டாக்காலி நாய்ப் பெருக்கம் பெட்டை நாயில்தான் தொடங்குகிறது. அதை நிறுத்துவதும் அங்கிருந்துதான் முடியும். ஒரு பெட்டையை எடுத்து, விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டு, சத்திரசிகிச்சை ஆகும்வரை கருத்தரிக்காமல் காத்து, அதன் பிறகும் வைத்துப் பார்க்கிற வீடு ஊருக்கே ஒரு சுகாதாரப் பணி செய்கிறது. அதே பெட்டைக்குச் சோறு மட்டும் போட்டு மற்ற எல்லாவற்றையும் விதியிடம் விட்ட வீடு, நல்ல மனத்தோடேயே பிரச்சினையை வளர்க்கிறது. இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மனத்தில் இல்லை. தடுப்பூசியும் சத்திரசிகிச்சையும் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கின்றனவா என்பதிலேயே இருக்கிறது.

முதலில் ‘கட்டாக்காலி’ என்ற பெயருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீதியில் திரியும் நாய் எல்லாம் ஆளில்லாத நாய் என்பது பொதுவான எண்ணம். கம்பஹா மாவட்டத்தின் மீரிகமப் பகுதி நாய்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு வேறு படத்தைக் காட்டியது: அங்கே கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோவொரு வீடு இருந்தது, கட்டி வைக்கப்படாமல் விருப்பப்படி திரிந்தன, அவ்வளவுதான். வன்னிக்கும் இது பொருந்தும். நாய் பகலில் வீதியில் படுக்கும், இரவில் வளவைக் காக்கும், சோறு இரண்டு மூன்று வீட்டில் கிடைக்கும். 2008, 2009 ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிக்குளம் முகாம்களில் அடைபட்டு, பிறகு சிறிது சிறிதாக மீள்குடியேறிய ஒரு மக்கள் கூட்டத்துக்கு நாயை முறையாகப் பதிவு செய்து, வேலியடைத்து வளர்க்கும் வழக்கம் ஒரே நாளில் திரும்பி வராது. தகரக் கொட்டிலும் முள்ளுக்கம்பியுமாகத் தொடங்கிய வளவுகளில், யானையும் பண்டியும் வருவதை முன்கூட்டியே குரைத்துச் சொல்ல ஒரு நாய் தேவைப்பட்டது. ஆகவே நாய் வந்தது; வேலி பிறகுதான் வந்தது, சில வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. இந்தத் திறந்த வளவுக்குள் ஒரு பெட்டை வந்து சேர்ந்தால் அதற்கு வீடு இருக்கும், காப்பு இருக்காது.

பெட்டை நாயின் உடற்கணக்கு எளிது. ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் முதல் பருவம் வரும். பிறகு ஏறத்தாழ ஏழு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் நீடிக்கும். கருக்காலம் 63 நாள் அளவில். ஈற்றுக்கு நான்கைந்து குட்டி என்பது நம் ஊர் நாய்களுக்குச் சாதாரணம். இந்தக் கணக்கை அப்படியே பெருக்கிக்கொண்டே போய், ஒரு சோடி நாயிலிருந்து ஆறு வருடத்தில் 67,000 நாய் பிறக்கும் என்று விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் எழுதுவதுண்டு. உண்மையில் அப்படி நடப்பதில்லை. நடந்திருந்தால் புளியங்குளம் சந்தியில் மனிதர் நிற்க இடமிருந்திராது. மேற்கு வங்காளத்தில் ஐந்தாண்டுகள் தெருநாய்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வொன்று 364 குட்டிகளின் கதியைப் பதிவு செய்தது. ஏழு மாதம்வரை உயிரோடிருந்தவை 19 வீதம் மட்டுமே. இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மனிதரின் கை நேரடியாகவோ மறைமுகமாகவோ இருந்தது: வாகனம், அடி, நஞ்சு, எடுத்துக்கொண்டு போதல். ஆகவே கருத்தடைக்கான வாதம் நாய்கள் இலட்சக் கணக்கில் பெருகிவிடும் என்ற பயத்தில் நிற்கத் தேவையில்லை. பிறக்கும் ஐந்தில் நான்கு செத்துப் போகின்றன என்பதே போதும். ஓர் ஈற்றைத் தடுப்பது நான்கு குட்டிகளை வீதியிலும் பசியிலும் சாகவிடாமல் தடுப்பது.

இதே கணக்கிலிருந்து இன்னொரு சங்கடமான முடிவும் வருகிறது. குட்டிகளின் சாவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று தாயின் பட்டினி. சோறு கிடைக்காத தாய் மெலிந்து பால் வற்றி நிற்கும். குட்டிகளில் ஒன்றிரண்டே மிஞ்சும். ஒரு வீட்டார் இரங்கிச் சோறு போட்டால் அது கொழுக்கும், பருவம் தவறாமல் வரும், பால் சுரக்கும், அதிகக் குட்டி பிழைக்கும். குட்டிகள் பால் மறந்ததும் அதே வீட்டாருக்குத் தாங்க முடியாத பாரமாகும். கடுவன்களை அயலுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய பெட்டைகளைச் சாக்கில் போட்டு ஆட்டோவில் ஏற்றிச் சந்தைக்கோ கோயிலடிக்கோ கொண்டுபோய் விடுவார்கள். வைரவர் சூலத்துக்கு முன்னால் கும்பிட்டு நிற்கிற அதே கை அவருடைய வாகனத்தின் குட்டியை அவர் வாசலில் இறக்கிவிட்டு வருவதில் நமக்கு முரண் தெரிவதில்லை. சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஆறுதல் சொல்கிறோம். சோறு போடுவதை நிறுத்து என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சோறு போடத் தொடங்கியவர் பாதி வழியில் நிற்கிறார், மீதி வழிக்கு அவருக்குத் துணை வேண்டும் என்பதே பொருள்.

பிரச்சினையை மறுமுனையிலிருந்து தீர்க்க அரசுகள் நெடுங்காலம் முயன்றன. இலங்கையின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. பதிவில்லாத, உரியவர் வராத நாயைப் பிடித்துக் கொல்வதே அந்தக் காலத்தின் வழிமுறை. உள்ளூராட்சி மன்றங்களின் நாய்பிடி வண்டி தலைமுறைகளாக ஓடியது. அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1970களின் தொடக்கத்தில், நாட்டில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். 1970களின் நடுவில் நாய்களுக்கு விரிவாகத் தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கி, கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைக்கத் தொடங்கிய பிறகே எண்ணிக்கை இறங்கியது. 2006இல் நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசாங்கம் எடுத்தது. கொலை நின்றதால் விசர் பெருகும் என்று பலர் அஞ்சினார்கள். இறப்பு மேலும் குறைந்து, அண்மைய ஆண்டுகளில் 20, 30 என்ற அளவுக்கு வந்திருக்கிறது. பாலித் தீவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2008இல் அங்கே விசர் நுழைந்தபோது பல்லாயிரம் நாய்களைக் கொன்றார்கள். 2010க்குள் நோய் தீவு முழுதும் பரவியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் தீவு தழுவிய தடுப்பூசி தொடங்கியதும் குறையத் தொடங்கியது. கொலையில் தடுப்பூசி போட்ட நாயும் சேர்ந்து போகும்; அந்த இடத்துக்கு ஊசி போடாத குட்டி வரும். உலக சுகாதார நிறுவனம் நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி என்பதை இலக்காக வைப்பது இதனால்தான். பெட்டைகள் குட்டி போட்டுக்கொண்டே இருந்தால் அந்த 70 வீதம் ஒவ்வோர் ஆண்டும் கையை விட்டு நழுவும். தடுப்பூசியும் கருத்தடையும் ஒன்றையொன்று தாங்குவது இந்த இடத்தில்.

கருத்தடையின் வரலாற்றில் தமிழருக்கு முதலிடம் உண்டு. 1959இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ், 1964இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையைக் கைக்கொண்டது. சென்னை மாநகராட்சி அதைத் தன் கொள்கையாக ஏற்க 1996 வரை ஆனது. இந்திய மத்திய அரசின் விதிகள் 2001இல் வந்தன. ஜெய்ப்பூரில் 1994 முதல் 2002 வரை நடந்த திட்டம் நன்றாக அளக்கப்பட்ட ஒன்று. திட்டப் பகுதியில் பெட்டை நாய்களில் 65 வீதத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் நடந்தன. நாய்த் தொகை 28 வீதம் குறைந்தது. அந்தப் பகுதியில் மனித விசர் இறப்பு இல்லாமல் போனது. பிறகு கடிகளின் எண்ணிக்கையும் இறங்கியது. குட்டியோடிருக்கும் தாய் கிட்டப் போகிறவரைக் கடிப்பது இயல்பு. குட்டி இல்லையென்றால் அந்தக் கடியும் இல்லை. கொழும்பில் 2007இலிருந்து தடுப்பூசி, கருத்தடை, பாடசாலைக் கல்வி மூன்றையும் சேர்த்துச் செய்தபோது நாய்களிடையே விசர் சில ஆண்டுகளில் மிக அருகிப்போனது. பூட்டான் 2009இல் தொடங்கி 2023 ஒக்டோபரில் வீதி நாய்கள் அனைத்துக்கும் கருத்தடை செய்து முடித்ததாக அறிவித்தது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்கள். மலைநாடு, வறிய கிராமங்கள், கால்நடை வைத்தியர் குறைவு என்ற சாக்குகள் அங்கேயும் இருந்தன. இவற்றில் பொதுவான பாடம் ஒன்று: எண்ணிக்கை குறைய வேண்டுமானால் பெட்டைகளில் பெரும்பங்கைத் தொட வேண்டும். பத்துக் கடுவன்களுக்குச் செய்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றே ஊரின் பெட்டைகளுக்குப் போதும். பத்துப் பெட்டைகளில் ஏழுக்குச் செய்தால் ஏழு வயிற்றுக் குட்டி இல்லை.

ஊருக்கு இலாபம் சரி, நாய்க்கு என்ன என்று கேட்பது நியாயம். வயது போன, கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரும். சுவீடனில் காப்புறுதி செய்யப்பட்ட நாய்களின் தரவுப்படி, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு வந்திருந்தது. அங்கே உடனே அறுவை நடக்கும். வைத்தியர் வவுனியாவில் இருக்க நாய் நெடுங்கேணிக்கு அப்பால் கிடந்தால், தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துச் சோர்ந்து செத்த பிறகுதான் வீட்டாருக்கு ஏதோ நோய் என்று தெரியும். கூடலின்போது தொற்றும் புற்றுக்கட்டியொன்றும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயில் தோன்றி, அதே உயிரணுக்களாகவே நாய்க்கு நாய் தாவி உலகெங்கும் பரவிய விசித்திரமான நோய் அது. பெட்டையின் குறியில் பூக்கோவா போல முளைத்து இரத்தம் கசியும். வின்கிறிஸ்டின் ஊசியால் மாறும், ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாகப் பல வாரம் போட வேண்டும். முலைப்புற்றைப் பற்றி மட்டும் நிதானம் தேவை. முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்தால் ஆபத்து அரை வீதத்துக்கு இறங்கும் என்று 1969 ஆய்வொன்றை வைத்துச் சொல்லப்பட்டது. 2012இல் எல்லா ஆய்வுகளையும் மீளப் பார்த்தவர்கள் அந்தச் சான்று அவ்வளவு உறுதியில்லை என்றார்கள். கருத்தடைக்கும் விலை உண்டு: மயக்கமருந்தின் ஆபத்து சிறிதளவு, சில நாய்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் தானாகக் கசிதல், உடல் பெருத்தல். வீட்டோடு கட்டிக் காக்கப்படும் உயர்சாதி நாய்க்கு இந்தத் தராசு இருபக்கமும் ஆடலாம். திறந்த வளவிலும் வீதியிலுமாக வாழும் பெட்டைக்கு ஆடாது.

அறுவைக்குப் பதிலாக ஊசி போடலாமே என்ற குறுக்குவழி நம் ஊர்களில் பழக்கமானது. பெண்களுக்குப் போடும் கருத்தடை ஊசியின் வகையைச் சேர்ந்த மருந்து நாய்க்கும் பருவத்தைத் தள்ளிப்போடும். இலங்கையில் சத்திரசிகிச்சை பரவலாக முன் அதுவே பயன்பட்டது. மலிவு, ஐந்து நிமிட வேலை. ஆனால் அதே மருந்து கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்தைக் கூட்டுகிறது. பருவம் வந்துகொண்டிருக்கும்போதோ கரு தரித்த பிறகோ தெரியாமல் போட்டால் விளைவு மோசம். குட்டி ஈனமுடியாமல் தாயும் சேர்ந்து போகும். மாதக் கணக்கு தவறினால் பயனும் இல்லை. ஒருமுறை செய்து ஆயுளுக்கும் முடிகிற அறுவையோடு அதை ஒப்பிட முடியாது.

அப்படியென்றால் பெட்டையை எடுத்த நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையில் உள்ள வாரங்கள்தான் முக்கியம். வன்னியில் அது மாதங்களாகவும் நீளும். எடுத்தவுடன் செய்ய வேண்டியது விசர்நாய்க்கடித் தடுப்பூசி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் முகாம்களில் அது இலவசம். நாய் நன்றாகத்தான் இருக்கிறது, குட்டிதானே என்று நம்பக்கூடாது. விசரின் அடைகாலம் வாரங்களிலிருந்து மாதங்கள்வரை போகும். மூன்று மாதக் குட்டிக்கும் விசர் வந்திருக்கலாம். புதிய நாயைச் சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்காமல் சில வாரம் தனியே வைத்துப் பார்ப்பதும், கீறினாலும் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போவதும் கட்டாயம். மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது நேரத்தைத் தின்னும், வேறொன்றும் செய்யாது. பூச்சிமருந்தும் உண்ணிக்கான மருந்தும் அடுத்தவை. அறுவைக்கு முன் நாய் தேறியிருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக, உண்ணிக்காய்ச்சலோடு நிற்கும் நாயை மயக்குவதற்கு எந்த வைத்தியரும் தயங்குவார்.

பருவகாலம் பற்றி ஊரில் உள்ள தவறான கணக்கொன்று பல குட்டிகளுக்குக் காரணம். குறி வீங்கி இரத்தம் படும் முதல் நாட்களில் வீட்டார் கவனமாக இருக்கிறார்கள். எட்டுப் பத்து நாளில் இரத்தம் வெளிறி வைக்கோல் நிறமானதும் முடிந்துவிட்டது என்று அவிழ்த்து விடுகிறார்கள். கருத்தரிக்கும் நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. முன்பு கடுவனைச் சீறி விரட்டிய பெட்டை அந்த வாரத்தில் வாலை ஒதுக்கி நின்று கொடுக்கும். ஆகவே முதல் சொட்டிலிருந்து மூன்று வாரம் முழுக்க, வீக்கம் முற்றாக வற்றும்வரை, காவல் தேவை. காவல் என்றால் முற்றத்து மரத்தில் சங்கிலி போடுவது என்று கொள்ளக்கூடாது. கட்டிக் கிடக்கும் பெட்டையால் ஓடவும் முடியாது, கடித்து விலக்கவும் முடியாது. வேலிக்குக் கீழே மண்ணைக் கிண்டி வரும் நான்கைந்து கடுவன்களின் சண்டைக்கு நடுவில் அது கிழிபடும். பெரிய கண் கம்பிவலைக் கூட்டுக்கு வெளியிலிருந்தே கடுவன் சேர்ந்துவிடும். கதவு பூட்டிய அறை, அல்லது கூரையும் சீமெந்துத் தரையும் நெருக்கமான வலையும் உள்ள கூடு, அதற்கு வெளியே இன்னொரு தடுப்பு, மலசலத்துக்குக் கையில் கயிற்றோடு ஆள் கூடப் போவது: இவ்வளவும் இருந்தால் காக்கலாம். பகல் வெயிலில் தகரக் கூட்டுக்குள் அடைப்பது கொலை என்பதால் நிழலும் தண்ணீரும் கணக்கில் சேரும். எல்லாவற்றையும் மீறி இரண்டும் கொழுவிக்கொண்டு நின்றால், தண்ணீர் ஊற்றியும் தடியால் அடித்தும் பிரிக்கப் பார்ப்பது இரண்டையும் காயப்படுத்தும். அரை மணி நேரத்துக்குள் தானாக விடும். அதன் பிறகு செய்ய வேண்டியது வைத்தியரிடம் சொல்வது.

அறுவையின் காலத்தையும் அவரே தீர்மானிக்க வேண்டும். பருவத்தின் நடுவில் கருப்பையில் இரத்த ஓட்டம் கூடியிருப்பதால் பெரும்பாலோர் அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்ய விரும்புவர். பால் கொடுக்கும் தாய்க்குக் குட்டிகள் சோறு தின்னத் தொடங்கும்வரை பொறுக்கலாம். ஆனால் அதற்குள் அடுத்த பருவம் வந்துவிடாமல் நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பக் கருவோடு அறுவை செய்ய முடியும். அறுவைக்கு முன் இரவுச் சோறு நிறுத்தம். பின் பத்துப் பதினான்கு நாள் ஓட்டமும் குளிப்பும் இல்லை, தையலை நக்கவிடக்கூடாது. இந்தப் பதினான்கு நாளும் நாயைப் புழுதியிலும் சேற்றிலும் படுக்கவிடாமல் வைத்திருக்க ஒரு வீடு தேவை. வீதியில் பிடித்து அறுத்து வீதியிலேயே விடும் திட்டங்களால் கொடுக்க முடியாததை ஒரு வீட்டார் கொடுப்பது இந்த இடத்தில்தான்.

இனி மறுப்புகள். உயிர் உண்டாவதைத் தடுப்பது பாவம் என்பார்கள். அந்த மனச்சான்றை மதிக்கிறேன். ஆனால் பிறந்த உயிரைச் சாக்கில் கட்டிச் சந்தியில் விடுவதை அதே மனச்சான்று எப்படிப் பொறுக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை குட்டி போட்டால்தான் பெட்டைக்கு நல்லது என்பதற்கு உடலியலில் ஆதாரமில்லை. அறுத்த நாய் காவல் காக்காது என்பதும் அப்படியே: வளவைக் காக்கும் குணம் சூலகத்தில் இல்லை, பருவத்துக்குப் பருவம் காணாமல் போகாத நாய்தான் இரவில் யானை வரும்போது வாசலில் இருக்கும். மனிதருக்கே வீடும் வேலையும் இல்லாத மண்ணில் நாய்க்குச் செலவு எதற்கு என்பது இவற்றில் கனமான மறுப்பு. காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார் இருக்கிற மாவட்டங்களில் அதை இலேசாகத் தள்ள முடியாது. ஆயினும் விசர்நாய்க்கடிக்கு ஆளாகிறவர் பெரும்பாலும் ஏழை, குறிப்பாகப் பிள்ளைகள். கடிபட்ட ஒவ்வொருவருக்கும் போடும் ஊசிகளின் செலவு அரச வைத்தியசாலையின் தலையில் விழுகிறது; கூலிக்குப் போகிறவர் ஊசிக்காக இழக்கும் நாட்கள் அவர் தலையில் விழுகின்றன. பெட்டைக்குச் செய்யும் அறுவை இந்தச் செலவைக் குறைக்கும் செலவு.

எல்லா நாயையும் பிடித்துக் காப்பகத்தில் அடைத்தால் என்ன என்ற கேள்வியும் எழும். இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஓகஸ்ட் 11இல் தில்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்கச் சொன்னது. பதினொரு நாளில், 22ஆம் திகதி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், விசர் பிடித்ததையும் கடுமையாகக் கடிப்பதையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றியது. அவ்வளவு நாய்களை வைக்க இடமில்லை என்பதே நடைமுறை உண்மை. வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று சரணாலயம் நடத்துகிறது. முடமானதுக்கும் கிழட்டுக்கும் அத்தகைய இடம் அவசியம். ஆனால் சரணாலயம் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் குட்டிகளைக் கொண்டுபோய் வாசலில் விடும் பழக்கமும் கூடும். குழாயைப் பூட்டாமல் வாளி வைத்து ஏந்துவது போன்ற வேலை அது. பெட்டைகளுக்குக் கருத்தடை நடக்கிற ஊரில்தான் காப்பகம் தன் கடமையைச் செய்ய முடியும்.

இடைவெளி எங்கே என்பது இப்போது தெளிவு. தடுப்பூசியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிராமத்துக்கே கொண்டுவருகிறார். கருத்தடை நகரத்தில், அதுவும் பெரும்பாலும் தனியார் சிகிச்சை நிலையங்களில் நிற்கிறது. அரச கால்நடை வைத்தியரின் நாள் மாடு, ஆடு, கோழியிலேயே கழிகிறது. பால் தரும் மாட்டுக்குச் சினை ஊசி போடுவது அவருடைய கடமைப் பட்டியலில் முதலில் வரும், நாய் கடைசியில் வரும், வராமலும் போகும். 2022 பொருளாதார நெருக்கடியில் மனிதருக்கே மருந்து தட்டுப்பட்டபோது மயக்கமருந்து நாய்க்கு எட்டாமல் போனதில் வியப்பில்லை. சட்டமும் பின்தங்கியே நிற்கிறது. விலங்கு வதைக்கு எதிரான 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் தண்டப்பணம் 100 ரூபாய். அதற்குப் பதிலாக வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. குட்டியைக் கைவிடுவது குற்றம் என்று எழுதிவைத்தாலும், கருத்தடைக்கு வழியில்லாத இடத்தில் அது ஏழையை மட்டும் தண்டிக்கும். வழியைத் திறந்துவிட்டுத்தான் தண்டனையைப் பற்றிப் பேச வேண்டும்.

திறக்க வேண்டிய வழி பெரிதல்ல. வவுனியா வடக்கு போன்ற பிரதேசத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை, தடுப்பூசி முகாம் வரும் அதே வாரத்தில், புளியங்குளத்திலோ நெடுங்கேணியிலோ ஒரு பொதுமண்டபத்தில் நடமாடும் சத்திரசிகிச்சை நடக்கலாம். பெட்டைக்கு முதலிடம், கிராம அலுவலர் மூலம் முன்பதிவு, அறுவை முடிந்த நாய்க்குக் காதில் அடையாளம், வீட்டாருக்கு அட்டை. செலவைப் பிரதேச சபையும் மாகாணக் கால்நடைத் திணைக்களமும் பகிரலாம். பதிவுக் கட்டணத்தில் கருத்தடை செய்த பெட்டைக்கு விலக்குக் கொடுத்தால் 1901ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் ஒரு பயன் கிடைக்கும். வீதியிலிருந்து பெட்டையை எடுத்த வீடுகளை இந்த ஏற்பாட்டின் பங்காளிகளாக நடத்த வேண்டும்: நாயைப் பிடிக்க வலையும் வண்டியும் தேவையில்லை, அவர்கள் கையோடு கொண்டுவருவார்கள், பதினான்கு நாள் பராமரிப்பும் அவர்கள் தலையில். அரசு செலவழிக்க வேண்டியது அறுவைக்கு மட்டும். சபையின் ஆண்டறிக்கையில் எத்தனை நாய் பிடிக்கப்பட்டது என்ற எண்ணுக்குப் பதிலாக, பிரதேசத்தின் பெட்டைகளில் எத்தனை வீதத்துக்குக் கருத்தடை ஆயிற்று என்ற எண் வர வேண்டும். அந்த எண் 70ஐ எட்டும்வரை, படலையடியில் படுத்த பெட்டைக்குச் சோறு வைத்தவரைக் குறை சொல்ல ஊருக்கும் உரிமை இல்லை, சபைக்கும் இல்லை.